நட்சத்திரம், வண்ணம், குறிச்சொல்

கல்யாண வேலை முடிந்தது. கார்டுகளை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் இறக்கி, இன்னொரு டிஸ்கில் நகலும் எடுத்துவிட்டீர்கள். இரண்டு கேமரா, இரண்டு நாள் என்றால் மூவாயிரம், நாலாயிரம் படம் சாதாரணமாகச் சேரும். இனி பிரிக்கிற வேலை.

பல ஸ்டூடியோக்களில் இந்தக் கட்டத்தில் ‘நல்லது’ என்று ஒரு ஃபோல்டர் பிறக்கும். அதற்குள் ‘ஆல்பம்’. ஒரு வாரம் கழித்து ‘ஆல்பம் புதுசு’. அப்புறம் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஓகே’. ஒரே படம் நாலு ஃபோல்டரில் நாலு நகலாகக் கிடக்கும். எதில் கலர் திருத்தியாயிற்று, எதில் இல்லை என்பது திருத்தியவருக்கே தெரியாது. ஃபோல்டர் ஒரு படத்துக்கு ஒரு இடம்தான் கொடுக்கும். மாலை மாற்றும்போது மணமக்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமன்மார் நிற்கும் படம் ஆல்பத்துக்கும் வேண்டும், அந்த மாமன் வீட்டுக்குத் தனியாகவும் வேண்டும், உங்கள் கடைச் சுவருக்கும் வேண்டும். அதனால் படத்தை நகர்த்தாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அதன்மேல் குறி போடுங்கள்.

குறி போடும் வசதி இல்லாத மென்பொருள் இன்று அபூர்வம். வசதி அதிகமாக இருப்பதுதான் தொல்லை. நட்சத்திரம், வண்ணம், குறிச்சொல் மூன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் மூன்றையும் ஒரே வேலைக்குப் போட்டுவிடுகிறோம். பச்சை போட்டாலும் நல்ல படம், நாலு நட்சத்திரம் போட்டாலும் நல்ல படம், ‘சூப்பர்’ என்று குறிச்சொல் எழுதினாலும் நல்ல படம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பச்சையில் இரண்டு நட்சத்திரம் ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு குறி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். படம் எப்படி வந்திருக்கிறது? அதற்கு நட்சத்திரம். இந்தப் படத்துக்கு இன்னும் என்ன வேலை பாக்கி? அதற்கு வண்ணம். படத்தில் இருப்பது யார், என்ன நிகழ்ச்சி? அதற்குக் குறிச்சொல். முதலாவது ஒருமுறை போட்டால் பெரும்பாலும் மாறாது. இரண்டாவது தினமும் மாறும், வேலை முடிந்ததும் அழிந்துபோகும். மூன்றாவது பத்து வருஷம் கழித்தும் தேவைப்படும்.

இங்கே அடோபி பிரிட்ஜை வைத்துச் சொல்கிறேன். 2005-இல் சிஎஸ்2 தொகுப்போடு வந்த மென்பொருள் இது. படங்களை எங்கும் ‘இம்போர்ட்’ செய்யச் சொல்லாது, ஃபோல்டரை இருந்தபடியே காட்டும். அடோபி கணக்கு ஒன்று இருந்தால் போதும், சந்தா கட்ட வேண்டியதில்லை. லினக்ஸில் வேலை செய்பவர்களும் அடோபியே வேண்டாம் என்பவர்களும் டிஜிகேமை எடுத்துக்கொள்ளலாம். விசைகள் மாறும், முறை மாறாது.

முதல் சுற்று: கழிப்பது மட்டும்

முதல் தடவை பார்க்கும்போது நல்ல படத்தைத் தேடாதீர்கள், கெட்டதை மட்டும் கழியுங்கள். ஃபிளாஷ் அடிக்காமல் இருண்டுபோனவை, யாரோ குறுக்கே நடந்தவை, தரையைப் பார்த்து எடுபட்டவை, ஃபோகஸ் பின்னால் இருக்கும் வாழைமரத்தில் போய் உட்கார்ந்தவை. ஒரு படத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் கொடுக்கக்கூடாது. யோசிக்க வேண்டியிருந்தால் அது கழிக்க வேண்டிய படம் இல்லை, அடுத்ததற்குப் போங்கள்.

பிரிட்ஜில் ஆல்ட் + டெலிட் அழுத்தினால் படத்தின் அடியில் ரிஜெக்ட் என்று விழும். கோப்பு அழியாது. வியூ மெனுவில் ரிஜெக்ட் கோப்புகளைக் காட்டும் தேர்வை எடுத்துவிட்டால் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். லைட்ரூமில் எக்ஸ் விசையால் போடும் ரிஜெக்ட் கொடி வேறு சமாச்சாரம். அங்கே போட்டது இங்கே தெரியும் என்று நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள். டிஜிகேமில் இதற்கென்றே ‘நிராகரித்தது’, ‘முடிவாகாதது’, ‘ஏற்றது’ என்று மூன்று நிலை தனியாக இருக்கிறது. என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் தெளிவான ஏற்பாடு.

இந்தச் சுற்றில் ஒரே ஒரு விதிவிலக்கு. தாலி கட்டும் நேரத்துப் படத்தை, அது கொஞ்சம் ஆடியிருந்தாலும், முக்கால்வாசி அட்சதை மறைத்திருந்தாலும், கழிக்காதீர்கள். கெட்டிமேளம் முழங்கி முடிவதற்குள் அந்தக் காட்சி முடிந்துவிடும். பின்னால் உள்ள வரிசையில் வேறு எதுவும் சரியாக வரவில்லை என்று ஆல்பம் போடும்போதுதான் தெரியவரும். அப்போது இந்த ஆடிய படம்தான் கை கொடுக்கும்.

இரண்டாம் சுற்று: நட்சத்திரம்

பிரிட்ஜில் கண்ட்ரோலோடு 1 முதல் 5 வரை அழுத்தினால் நட்சத்திரம், கண்ட்ரோல் + 0 அழுத்தினால் எடுபடும். ஆயிரம் தடவை கண்ட்ரோலை அமுக்கி விரல் வலிக்க வேண்டாம். பிரிஃபரன்ஸ் பகுதியில் லேபிள்ஸ் பக்கத்தைத் திறந்தால், குறி போடக் கண்ட்ரோல் விசை தேவை என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வெறும் எண்ணே போதும். லைட்ரூமில் முதலிலேயே வெறும் எண்தான். அங்கே கேப்ஸ் லாக் போட்டுவைத்தால் குறி போட்டதும் தானாக அடுத்த படம் வந்து நிற்கும்.

ஐந்து நட்சத்திரம் இருக்கிறதே என்று ஐந்தையும் பயன்படுத்தாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் பார்க்கிற மனிதரை நான் கண்டதில்லை. மூன்று படி போதும். வீட்டாருக்குக் காட்டலாம் என்றால் 1. ஆல்பத்தில் வரலாம் என்றால் 3. உங்கள் கடைச் சுவரிலோ இன்ஸ்டாகிராமிலோ போடத் தகும் என்றால் 5. நடுவில் உள்ள 2, 4 சும்மா இருக்கட்டும். ஆல்பத்துக்கு எடுத்த படங்கள் அதிகமாகிவிட்டால் அவற்றை 2-க்கு இறக்கிவைக்கலாம், 1-இல் தொலையாமல் இருக்கும்.

நெருங்கிய படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ரிவ்யூ முறை உதவும். ஒரே தருணத்தின் ஏழெட்டுப் படங்களைத் தேர்ந்துகொண்டு கண்ட்ரோல் + பி அழுத்துங்கள். திரை முழுக்க வட்டமாக வந்து நிற்கும். வேண்டாததைக் கீழ் அம்புக்குறியால் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். தள்ளியவை ரிஜெக்ட் ஆவதில்லை, அந்தச் சுற்றிலிருந்து விலகுகின்றன, அவ்வளவுதான். மிஞ்சியதற்கு 3 போடுங்கள்.

வரவேற்பு மேடைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மணமக்கள் நடுவில், இரண்டு பக்கமும் ஆட்கள் மாறி மாறி ஏறி இறங்கும் இருநூறு, முந்நூறு படம். வெளிச்சம் ஒன்று, பின்திரை ஒன்று, சிரிப்புகூட ஒன்று. இங்கே ‘நல்லதை’ப் பொறுக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். “தம்பி, எங்க சித்தப்பா ஃபேமிலி போட்டோவே காணோமே, மேடையில நின்னாங்களே” என்று பெண்ணின் அப்பா போன் செய்வார். சித்தப்பா கண்ணை மூடியிருந்த படத்தை நீங்கள் கழித்திருப்பீர்கள், அதைத் தவிர வேறு இருந்திருக்காது. ஆகவே மேடைப் படங்களில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கூட்டத்துக்கு ஒரு படமாவது நின்றதா என்பது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றுக்கு 1 போட்டுக்கொண்டே போங்கள், ஒப்பிடாதீர்கள். ஒரே கூட்டத்துக்கு இரண்டு மூன்று இருந்தால் மட்டும் பெரிதாக்கி முதலில் மணப்பெண்ணின் கண், பிறகு மாப்பிள்ளையின் கண், பிறகு அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவரின் கண் என்று பாருங்கள். பிரிவ்யூ பலகையில் படத்தின்மேல் ஒரு சொடுக்குப் போட்டால் லூப் கண்ணாடி திறந்து அந்த இடத்தை முழு அளவில் காட்டும். குழந்தைகள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அதை ஒருவரும் குறை சொல்வதில்லை.

வண்ணம்: வேலை எங்கே நிற்கிறது

வண்ணத்தை வேலையின் நிலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். நான் சிபாரிசு செய்வது இது. சிவப்பு என்றால் திருத்த வேண்டும், கலரோ கிராப்போ. மஞ்சள், எடிட்டர் கையில் இருக்கிறது. பச்சை, பிரிண்டுக்குத் தயார். நீலம், வீட்டார் தாங்களே கேட்ட படம். ஊதா, வெளியே போகக்கூடாதது. முகம் காட்ட விரும்பாத பெரியம்மா, அழுதுகொண்டிருக்கும் மணப்பெண், சண்டைக்கு நடுவில் எடுபட்டது, இவையெல்லாம் ஊதா. பிரிட்ஜில் கண்ட்ரோல் + 6 முதல் 9 வரை முதல் நாலு வண்ணம். ஊதாவுக்கு விசை கிடையாது, லேபிள் மெனுவில் போய்த்தான் போட வேண்டும். அதுவும் நல்லதற்குத்தான், கை தவறி விழாது.

இப்போது ஒரு பொறி. மென்பொருள் எழுதிவைப்பது வண்ணத்தை இல்லை, வண்ணத்தின் பெயரை. பிரிட்ஜ் வரும்போதே அதில் சிவப்புக்கு ‘செலக்ட்’, மஞ்சளுக்கு ‘செகண்ட்’, பச்சைக்கு ‘அப்ரூவ்டு’, நீலத்துக்கு ‘ரிவ்யூ’, ஊதாவுக்கு ‘டு டூ’ என்று பெயர் இருக்கும். லைட்ரூமின் வழக்கமான பட்டியலில் அதே வண்ணங்களுக்கு ரெட், யெல்லோ, கிரீன், ப்ளூ, பர்ப்பிள். பிரிட்ஜில் நீங்கள் சிவப்புப் போட்டுக் கொடுத்தால் கோப்புக்குள் போவது ‘செலக்ட்’ என்ற சொல். எடிட்டர் லைட்ரூமில் திறப்பார். அவருடைய பட்டியலில் ‘செலக்ட்’ என்று ஒன்றும் இல்லாததால் வெள்ளைப் பட்டை தெரியும். “அண்ணே, நீங்க கலர் போட்டதா சொன்னீங்க, எல்லாம் வெள்ளையா இருக்கு” என்பார். இருவரும் மென்பொருளைத் திட்டுவீர்கள்.

பிரிட்ஜின் பிரிஃபரன்ஸ் பகுதியில் லேபிள் பெயர்களை மாற்றலாம், லைட்ரூமிலும் மாற்றலாம். இரண்டிலும் ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ‘திருத்தம்’, ‘எடிட்டர்’, ‘தயார்’ என்று தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், யூனிகோடாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் வெளியாளிடம் எடிட்டிங் கொடுப்பவராக இருந்தால் அவரிடம் பேசி, அவர் வைத்திருக்கும் பெயர்களையே நீங்களும் வைத்துக்கொள்வது சுலபம். பத்து ஸ்டூடியோவுக்கு வேலை செய்பவர் பத்துப் பட்டியல் வைத்திருக்க மாட்டார்.

குறிச்சொல்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பின்னால் மிகவும் தேவைப்படுவதும் இதுதான். மூன்று வருஷம் கழித்துப் பாட்டி இறந்துபோவார். அவர் தனியாக, நன்றாக இருக்கும் படம் ஒன்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். மூவாயிரம் படத்தையும் மறுபடி உருட்டுவதா, ‘பாட்டி’ என்று அடித்துத் தேடுவதா?

எல்லாப் படத்துக்கும் எல்லாச் சொல்லும் எழுத முடியாது. நிகழ்ச்சிக்கு ஒரு சொல், முக்கியமான ஆட்களுக்கு ஒரு சொல், அவ்வளவு போதும். நிகழ்ச்சிச் சொல்லை மொத்தமாகப் போடலாம். படங்களை எடுத்த நேர வரிசையில் வைத்து, ஊஞ்சல் தொடங்கும் படத்திலிருந்து முடியும் படம் வரை ஷிப்ட் பிடித்துத் தேர்ந்து, கீவேர்ட்ஸ் பலகையில் ‘ஊஞ்சல்’ பக்கத்தில் ஒரு டிக். நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுதல், முகூர்த்தம், அம்மி மிதித்தல், வரவேற்பு என்று பட்டியலை ஒருமுறை உண்டாக்கிவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே பட்டியல். ஆட்களுக்கு உறவுமுறையே நல்லது, ஆனால் யாருடைய உறவு என்று சேர்த்து எழுதுங்கள். ‘தாய்மாமன்’ என்றால் இரண்டு பேர், ‘பெண்ணின் தாய்மாமன்’ என்றால் ஒருவர்.

சொல்லை அடிக்காதீர்கள், பட்டியலிலிருந்து டிக் செய்யுங்கள். அடித்தால் ஒரு நாள் ‘ரிசப்ஷன்’, ஒரு நாள் ‘ரிசெப்ஷன்’, ஒரு நாள் ‘வரவேற்பு’. தேடும்போது மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

தமிழுக்கென்றே சில கோளாறுகள் உண்டு. ‘கொலு’ என்பதில் உள்ள கொ-வை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், எல்லாத் தேடு பெட்டிக்கும் ஒன்றில்லை. ஸ்ரீ-யும் அப்படித்தான். ஸ-வில் தொடங்கும் குறியீடு ஒன்று, ஶ-வில் தொடங்கும் குறியீடு ஒன்று. விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறுவதால், ஒருவர் கணினியில் அடித்த ‘ஸ்ரீரங்கம்’ இன்னொருவர் தேடும்போது அகப்படாமல் போகலாம். பட்டியலிலிருந்து டிக் செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஆல்பம் பக்கத்தில் பெயர் போடுவதற்குப் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் குறிச்சொல்லையும் அடித்துவிடுவதுண்டு. பாமினிக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான். கீவேர்ட்ஸ் பலகையில் எழுத்துரு மாற்ற முடியாது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் நிற்கும். குறிச்சொல் கட்டாயம் யூனிகோடில்.

கோயில் திருவிழா எடுப்பவர்களுக்கு இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில் செய்தி நிறுவனங்கள் தங்களுக்குள் படம் அனுப்பிக்கொள்வதற்காக வகுத்த பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், புள்ளியும் கொக்கியும்கூடத் தனித்தனிக் கணக்கு. ‘மீனாட்சி’ 24 பைட், ‘திருக்கல்யாணம்’ 42, நடுவில் இடைவெளி 1. மொத்தம் 67. ‘மீனாட்சி திருக்கல்யாணம்’ என்ற குறிச்சொல்லே பழைய பெட்டிக்குள் முழுசாக நுழையாது! அடோபி 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்த எல்லை இல்லை, இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத்தான் படிக்கின்றன. இருந்தாலும் பத்திரிகைகளுக்குப் படம் அனுப்புகிறவர்கள் ‘மீனாட்சி’ என்று ஒன்று, ‘திருக்கல்யாணம்’ என்று ஒன்று, இரண்டாகப் பிரித்துப் போடுவது பாதுகாப்பு. தேடவும் அதுதான் வசதி.

குறி எங்கே எழுதப்படுகிறது

ஜேபெக் கோப்பு என்றால் பிரிட்ஜ் போடும் நட்சத்திரம், வண்ணம், குறிச்சொல் மூன்றும் கோப்புக்குள்ளேயே போய்விடும். பென் டிரைவில் போட்டாலும் கூடவே வரும். கேமராவின் ரா கோப்பில் அது எழுதுவதில்லை. பக்கத்தில் அதே பெயரில் சின்னதாக ஓர் எக்ஸ்எம்பி கோப்பு உண்டாக்கி அதில் எழுதும். ரா-வை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பிடித்து வேறு ஃபோல்டருக்கு இழுத்து, எக்ஸ்எம்பி-யை விட்டுவிட்டால் குறிகள் அனாதை. நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் பிரிட்ஜுக்குள்ளேயே செய்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அந்த எக்ஸ்எம்பி-க்குப் பெயர் வைப்பதிலும் இரண்டு கட்சி. அடோபி ரா-வின் பின்னொட்டை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி என்று வைக்கும். டிஜிகேமும் டார்க்டேபிளும் பின்னொட்டையும் விட்டுவைத்து அதன் பின்னால் எக்ஸ்எம்பி சேர்க்கும். ஒன்றில் போட்ட குறி மற்றதில் தெரியவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். டிஜிகேமின் மெட்டாடேட்டா அமைப்பில் வணிக மென்பொருள்களோடு ஒத்துப்போகும் பெயர் வைக்க ஒரு தேர்வு இருக்கிறது.

லைட்ரூம் எல்லாவற்றையும் முதலில் தன் கேட்டலாகில்தான் எழுதிக்கொள்ளும். கோப்புக்குக் கொண்டுவரப் படங்களைத் தேர்ந்து கண்ட்ரோல் + எஸ் அழுத்த வேண்டும். மேக்கில் ஃபைண்டர் போடும் வண்ணக் குறி படத்தோடு சேர்ந்ததே இல்லை, மேக் இயங்குதளம் கோப்புக்கு ஒட்டிவைத்திருக்கும் சீட்டு அது. விண்டோஸுக்கு வந்தால் பயனில்லை. வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் உள்ளே எழுதியதெல்லாம் துடைத்துப் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் நிற்கும்.

புது மென்பொருள் எதுவானாலும் ஒரே ஒரு படத்தில் மூன்று குறியும் போட்டு, பென் டிரைவில் எடுத்துப்போய் இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு மூவாயிரத்தில் கை வையுங்கள்.

வீட்டார் தரும் எண் பட்டியல்

1 நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ளவற்றை ஃபில்டர் பலகையில் வடிகட்டி, ஊதாவை விலக்கி, வீட்டாருக்குக் கொடுப்பீர்கள். அவர்கள் பதிலுக்கு வாட்ஸாப்பில் “4521, 4530, 4533 ஆல்பத்துக்கு” என்று அனுப்புவார்கள். உங்களிடம் 4521 இரண்டு இருக்கும், கேமரா இரண்டல்லவா. ஒரே கேமராவானாலும் எண் 9999 வரை போய் மறுபடி 0001-இல் தொடங்கும். கேமராக்களுக்கான கோப்புப் பெயர் விதி நாலு இலக்கம்தான் கொடுக்கிறது.

ஆகவே காட்டுவதற்கு முன்பே பெயர் மாற்றிவிடுங்கள். பிரிட்ஜில் கண்ட்ரோல் + ஷிப்ட் + ஆர். முதலில் ஆண்டு-மாதம்-நாள், பிறகு கேமராவுக்கு ஓர் எழுத்து, பிறகு எண். பழைய பெயரை எக்ஸ்எம்பி-யில் காப்பாற்றிவைக்கும் டிக்கைப் போட மறக்காதீர்கள், ஏதாவது தகராறு வந்தால் திரும்பிப் போக வழி இருக்கும். பட்டியல் வந்ததும் ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் நீலம் போட்டுக்கொண்டே வருவது ஸ்டூடியோவில் நடக்கக்கூடிய வேகமான முறை. வீட்டார் கேட்ட படத்துக்கு நீங்கள் 1 கொடுத்திருந்தாலும் நட்சத்திரத்தை உயர்த்தாதீர்கள். அவர்கள் கேட்டார்கள் என்பதைச் சொல்ல நீலம் இருக்கிறது. அத்தை வெற்றிலைத் தட்டோடு திரும்பிப் பார்க்கும் மங்கலான படத்தை ஏன் கேட்டார்கள் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

ஆல்பம் கொடுத்து, பணம் வந்து, கூடுதல் பிரிண்ட் கேட்பதும் நின்ற பிறகு ஃபோல்டரை மறுபடி திறங்கள். ஊதாவைத் தவிர மற்ற வண்ணங்கள் எல்லாவற்றையும் லேபிள் மெனுவில் ‘நோ லேபிள்’ கொடுத்து எடுத்துவிடுங்கள். நட்சத்திரமும் குறிச்சொல்லும் இருக்கட்டும். மறைத்துவைத்த ரிஜெக்டுகளைத் திரும்பக் காட்டச் சொல்லி, சிறு படங்களாக ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு அழியுங்கள். நகல் டிஸ்கிலும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை அங்கிருந்து அவ்வளவும் திரும்பி வந்துவிடும்.